கொரியாப் பெண்கள் ஜெயிப்பது பற்றி மாமாவுக்கு

துபாய், அல்கூஸ் கேம்ப்,
ரூம் 14.
21-3-2008, வெள்ளி.

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா அம்மையப்பன் அவர்களுக்கு, மருமகன் அருள்முருகன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே தாங்கள், அத்தை, கனகா, பானுப்பிரியா, புதிதாகக் கன்று ஈன்ற பசு உட்பட அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் நான் "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்ததும் நீங்கள் "இந்தா கனகா" என்று கொடுத்துவிடுகிறீர்கள். ஆறு வருஷமாக இதுதான் நடக்கிறது. ஆகையால் எழுதுகிறேன். என் ரூம்காரர் மீராசா வியாழக்கிழமை லீவில் கீழக்கரை போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் பால் சொசைட்டியில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும்.

விஷயம் தங்கள் பேத்தி பானுப்பிரியாவைப் பற்றியது. மாவட்டப் போட்டியில் அவள் குண்டு எறிந்து முதலாவதாக வந்ததும், திருச்சி விளையாட்டு விடுதியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று அவள் மாஸ்டர் வீடு தேடி வந்ததும், "பொம்பளப்புள்ளைக்கு இரும்புக் குண்டு எதுக்கு" என்று நான் போனில் மறுத்ததும் தங்களுக்குத் தெரியும். நீங்கள் வாய் திறக்காததால் தங்களுக்கும் அதே கருத்துதான் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது என் கருத்து மாறிவிட்டது. ஏன் மாறியது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் கொரியாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளவும்.

நான் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவன் என்பது தெரிந்ததே. ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே எங்கள் வேலை முடிந்துவிடும். அதனால் ஆறு வருஷத்தில் புல்லைப் பார்த்திருக்கிறேனே தவிர விளையாட்டைப் பார்த்ததில்லை. இந்த மாதம் உலகத்துப் பெண்கள் எல்லாம் வந்து ஆடும் மூன்று நாள் போட்டி ஒன்று எங்கள் மைதானத்தில் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் சூப்பர்வைசர் பன்னீர்செல்வம், கடலூர்க்காரர், பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். கிம் என்று ஒரு வரிசை, லீ என்று ஒரு வரிசை, பார்க் என்று ஒரு வரிசை. அத்தனையும் கொரியா. உலகத்தில் எங்கே பெண்கள் கோல்ஃப் நடந்தாலும் இப்படித்தானாம், கோப்பையையும் அவர்களே கொண்டுபோய்விடுகிறார்களாம். அந்த நாடு எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். தமிழ்நாட்டை விடச் சின்னது என்றார். அன்றைக்கு என் மண்டைக்குள் புகுந்தது அந்தக் கேள்வி. இத்தனை சின்ன நாட்டில், பெண்கள் மட்டும், இந்த ஒரு விளையாட்டில் எப்படி? வேலையில் இருந்தாலும் சரி, பஸ்ஸில் இருந்தாலும் சரி, பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்க ஆரம்பித்தேன்.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். மெஸ் வைத்திருக்கும் மலையாளி, அவர்கள் முட்டைக்கோஸில் ஊறுகாய் போட்டு மூன்று வேளையும் தின்பதால்தான் என்றார். எங்கள் பெரிய மேனேஜர் இங்கிலாந்துக்காரர், பத்து வருஷத்துக்கு முன்னால் கொரியாப் பெண் ஒருத்தி அமெரிக்காவின் பெரிய கோப்பையை வாங்கினாளாம், அதை டிவியில் பார்த்துத்தான் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் மட்டையைத் தூக்கினார்கள் என்றார். பன்னீர்செல்வம் மட்டும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, "எல்லாம் குச்சிதான்யா. பொறந்ததுலேருந்து ரெண்டு குச்சில சோத்தப் பொறுக்கித் தின்னா கை எப்பிடி நடுங்கும்?" என்றார். எங்கள் கேம்ப் பஸ்ஸை ஓட்டும் மீராசா விடவில்லை. "அப்புடின்னா சீனாக்காரனும் குச்சிலதானே திங்கிறான், அவன் வூட்டுப் பொண்ணுக எங்கே?" என்று கேட்டார். எதற்கும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாகி, தேராவில் ஒரு சீனாக் கடையில் குச்சி வாங்கிவந்து மூன்று நாள் ரூமில் கொண்டைக்கடலை அவித்துக் குச்சியால் எடுத்துத் தின்றோம். எனக்கு மூன்று நாளும் அரைப் பட்டினி. ஆட்சேபம் சொன்ன மீராசாதான் ஒரு நிமிஷத்துக்கு நாற்பது கடலை என்று தேறினார். நான்காம் நாள் விடியற்காலையில் புல் வெட்டும் நேரத்தில் அவரை மைதானத்துக்கு அழைத்துப்போய், குழியிலிருந்து நாலடி தூரத்தில் பந்தை வைத்து, கையில் மட்டையைக் கொடுத்தோம். அவர் பிஸ்மில்லா சொல்லி அடித்த பந்து குழியைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, குளத்தில் விழுந்தது. குச்சிக் காரணம் அதோடு கலாஸ்.

போட்டியின் கடைசி நாள் எனக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் அவர்கள் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய பலகையை ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. பன்னீர்செல்வம் எனக்கு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுவிட்டு, "அந்தப் பிலிப்பினோப் பொண்ணு நம்பர் சொல்லும், நீ எடுத்து மாட்டு. வேற ஒண்ணும் யோசிக்காத" என்றார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

என் பலகையில் இருந்தது ஓ என்ற பெண். அதுதான் அவள் குடும்பப் பெயர். இருபத்து நாலு வயசிருக்கும், பார்த்தால் நம் பிள்ளை மாதிரி தோள்பட்டை. அவள் அடிக்கும்போது சத்தமே வரவில்லை, பந்து மட்டும் போய்விடுகிறது. நான் வெட்டிய புல்லில் ஒருத்தி இவ்வளவு அழகாக நடந்து அன்றுதான் பார்த்தேன். அப்போது பிலிப்பினோப் பெண், "ஓ, மைனஸ் ஃபோர்" என்றாள். எனக்குப் பகீரென்றது. பலகைப் பெட்டியில் எண்கள் சிவப்பில் ஒரு கட்டு, கறுப்பில் ஒரு கட்டு. மைனஸுக்குச் சிவப்பு என்று காலையில் சொல்லியிருந்தார்கள். சிவப்பு என்றதும் ஆறாம் வகுப்பில் பானுப்பிரியா கணக்கில் வாங்கிய மார்க்கும், அதன் அடியில் டீச்சர் போட்ட சிவப்புக் கோடும், அன்று முழுக்க அவள் சாப்பிடாமல் இருந்ததாகக் கனகா சொன்னதும் நினைவுக்கு வந்தன. வெளிநாட்டில் வந்து, இத்தனை பேர் முன்னால், நன்றாக ஆடுகிற ஒரு பெண்ணைச் சிவப்பு எண்ணோடு நடக்கவிட எனக்கு மனசு வரவில்லை. கறுப்பு நாலை எடுத்து மாட்டிவிட்டேன்.

மாமா, இந்த விளையாட்டில் குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர். சிவப்பு மைனஸ் என்றால் முன்னால் நிற்கிறாள் என்று அர்த்தம். கறுப்பு நாலு என்றால் ஆட்டம் படுத்துவிட்டது என்று அர்த்தம். இது ஆறு வருஷம் புல் வெட்டியவனுக்குத் தெரியவில்லை. கூட வந்த கூட்டம் என் பலகையைப் பார்த்தது, உச்சுக் கொட்டியது, அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுத்த குழிக்கு நடந்தாள். மூன்று குழி இப்படியே போனது. நாலாவது குழியில் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐம்பத்தைந்து வயசு மனிதர் ஒருவர், கொரியா முகம், கட்டை விரல் நுனி இல்லாத கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "மாஃபி அஸ்வத். அஹ்மர், அஹ்மர். யல்லா, ஜல்தி" என்றார். கறுப்பு இல்லை, சிவப்பு, சீக்கிரம் என்று அர்த்தம். எனக்கு எண் தப்பு என்பது உறைக்க நேரமாயிற்று. அதற்கு முன்னால், ஒரு கொரியாக்காரர் எங்கள் கேம்ப் பாஷையை எங்களைப் போலவே பேசுகிறாரே என்பதுதான் உறைத்தது.

சிவப்பை மாட்டினேன். கூட்டம் திரும்பி வந்தது. அந்தப் பெண் நாலாவது இடத்தில் முடித்தாள். கோப்பை வாங்கியவளும் கொரியாப் பெண்தான்.

சாயங்காலம் அந்த மனிதர் மெஷின் ஷெட்டுக்கே என்னைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். என் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். சுலைமானி டீ கொடுத்தேன். அரபியில் பத்துச் சொல், இந்தியில் ஐந்து, மிச்சம் கை. இப்படித்தான் பேசினோம். "அனா ஜுபைல். அர்பா சனா. ஹதீத்" என்றார். சவுதியில், ஜுபைலில், நாலு வருஷம் கம்பி கட்டியவர். நம்மைப் போலவே கேம்ப், நம்மைப் போலவே ஒரு ரூமுக்குப் பத்துப் பேர். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் இப்படி வந்தார்களாம். அவர் கிளம்பியபோது மகள், அதாவது என் பலகைப் பெண், தாய் வயிற்றில் இருந்தாள். திரும்பியபோது மூன்று வயசு தாண்டிவிட்டது. இவரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். அப்பா என்று கூப்பிடவே இல்லையாம்.

ஊரில் அவருக்குக் கிடைத்த வேலை கோல்ஃப் பழகும் இடத்தில் பந்து பொறுக்குவது. மகள் அம்மாவோடு சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிடுவாளாம். ஒருநாள் உடைந்த மட்டை ஒன்றை அறுத்துச் சின்னதாக்கிக் கையில் கொடுத்தார். அவள் அடித்தாள், இவர் ஓடிப்போய் எடுத்துவந்து வைத்தார். மறுபடி அடித்தாள். அடுத்த பந்து வேண்டுமென்றால் இவரைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டாளாம். அதைச் சொல்லும்போது தன் பாஷையில் அந்த வார்த்தையைச் சொன்னார். மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், அது நம் 'அப்பா' தான். அப்படியே 'அப்பா' தான்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். உங்கள் பெண்கள் எல்லாரும் எப்படி ஜெயிக்கிறார்கள்? அவர் "மாலூம் மாஃபி" என்றார். தெரியாதாம். மற்றவர்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று தெரியாதாம், தனக்குப் பந்து பொறுக்கத்தான் தெரியுமாம்.

அன்று ரூமுக்கு வந்து கனகாவுக்குப் போன் போட்டு, பானுப்பிரியாவிடம் கொடுக்கச் சொன்னேன். சாப்பிட்டியா என்றேன், ம் என்றாள். படிச்சியா என்றேன், ம் என்றாள். குண்டு எறிஞ்சியா என்று கேட்க வாய் வரவில்லை. எட்டு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவன் மாமா நான்.

ஆகவே தீர்மானம் செய்துவிட்டேன். விடுதிப் படிவத்தில் தாங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் நேற்று வேலையை ராஜினாமா செய்து பன்னீர்செல்வத்திடம் கடிதம் கொடுத்துவிட்டேன். திருச்சியில் புல் வெட்டும் வேலையோ வாட்ச்மேன் வேலையோ பார்த்துக்கொண்டு, தினமும் மைதானத்தில் நின்று அவள் எறியும் குண்டை எடுத்துக் கொடுக்கப் போகிறேன். மருமகனுக்குப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. அத்தைக்கு என் வணக்கம், கனகாவுக்கு என் அன்பு, பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பசு நிறையப் பால் கொடுத்து, சொசைட்டி செழித்து, தாங்கள் நூறு வயசு கோபம் இல்லாமல் வாழ வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
அருள்முருகன்.

பின்குறிப்பு (ஞாயிறு): மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். இன்று போன் செய்தபோது கனகா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பத்து நாள் முன்பே தாங்கள் மாஸ்டரோடு திருச்சிக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், "மாப்பிள்ளை காதுல விழுந்தா சண்டைக்கு வருவாரு, சேர்த்த பிறகு சொல்லிக்கலாம்" என்று எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்ததாகவும் சொன்னாள். இங்கிருந்தே தங்களைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நான் ஊருக்கே வந்துவிடுகிற விஷயத்தைச் சொன்னதும் பானுப்பிரியா போனைப் பிடுங்கி, "வேணாம்ப்பா. குண்டை நாமளே நடந்து போயி எடுக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு, அதுவும் பயிற்சிதானாம். நீங்க மைதானத்துல வந்து நின்னா எனக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள். ராஜினாமாவைத் திரும்ப வாங்க ஓடினேன். பன்னீர்செல்வம் அதை ஆபீசுக்கே அனுப்பவில்லை. "கொரியாக்காரரு போயி ஒரு வாரம் ஆகட்டும், அப்புறமும் கேட்டா குடுக்கலாம்னு வச்சிருந்தேன்" என்று கையில் கொடுத்து, கூடவே ஜூன் மாத லீவுக்கு ஒரு படிவமும் கொடுத்தார். நிரப்பிவிட்டேன். ஏனென்றால் பானுப்பிரியா போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். எவ்வளவு தூரம் எறிந்தாள் என்று அளக்க டேப்பின் மறு முனையைப் பிடிக்க லீவு நாளில் ஆள் கிடைப்பதில்லையாம். "அதுக்கு வேணா வாங்கப்பா" என்றாள்.