மெல்பேர்ன் மச்சானும் எங்கள் மெயின் சுவிச்சும்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறாவது இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக்கொண்டே றிகாஸ் மச்சான் அந்த அறிவிப்பைச் செய்தார். எங்கள் குசினிக்குப் புது வயரிங் செய்யப்போவது அவர்தான். வெளியாள் ஒருவரும் வேண்டாம்.

மச்சான் என்றால் என் ராத்தா, அதாவது அக்கா, ஷிஃபானாவின் மாப்பிள்ளை. இரண்டு பேரும் மெல்பேர்னுக்குப் போய் நாலு வருசம். இப்போது ஒரு மாத லீவில் வந்திருக்கிறார்கள். அங்கே அவர் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறார். வயரிங்குக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்றால், கணக்குப் பாடத்துக்கும் எனக்கும் உள்ள அதே தொடர்புதான். நான் ஓ.எல். சோதனையில் கணக்கு ஃபெயில். இனிமேல் பள்ளிக்கூடப் பக்கம் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மச்சானின் வியாதிக்குக் காரணம் என்னவென்றால், அவுஸ்திரேலியாவில் ஒரு பிளக் பொயிண்டைக் கழற்றி மாற்றுவதற்கும் லைசன்ஸ் வேண்டுமாம். லைசன்ஸ் இல்லாதவர் தொட்டால் குற்றமாம். மச்சான் அங்கே ஸ்க்ரூ ட்ரைவரைக் கையில் எடுத்தாலே ராத்தா "லைசன்ஸ்?" என்று ஒரு சொல் கேட்பாவாம். மனுசன் உடனே கீழே வைத்துவிடுவாராம். இப்படி நாலு வருசம் அடக்கி வைத்த கை. கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்கி வெளியே வந்ததும் வேனை ஒரு ஹாட்வெயார் கடையில் நிறுத்தி டெஸ்டர், குறடு, டேப் எல்லாம் வாங்கினார். திருகோணமலை வந்து சேரும் வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். ராத்தாவின் கைப்பை டிக்கியில் வந்தது.

அந்த அறிவிப்பைக் கேட்டதும் உம்மா சொதிக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டா. காரணம் இருந்தது. வாப்பா கப்பலில் வேலை. உம்மா வீட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு வட்டிலப்பம் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறா. இப்போதுதான் முதல் பெரிய ஓடர் வந்திருந்தது: வெள்ளிக்கிழமை கிண்ணியாவில் ஒரு கல்யாணம், முந்நூறு கப். ஆனால் எங்கள் குசினியில் இருந்தது ஒரே ஒரு பிளக் பொயிண்ட். அதில் ஒரு மல்டி பிளக், அதில் ஃப்ரிஜ், புது ஃப்ரீசர், கிரைண்டர் எல்லாம் தொங்கின. சனிக்கிழமை அந்த மல்டி பிளக் உருகி மெழுகுதிரி மாதிரி வழிந்தது. வியாழன் பின்னேரத்துக்குள் புது வயரிங் இல்லையென்றால் முந்நூறு கப்பையும் குளிரவைக்க வழி இல்லை. இந்த ஓடர் சரிவந்தால் நான் உம்மாவோடு தொழில் செய்யலாம். பிழையாகிப் போனால் திரும்பவும் கணக்கு டியூஷன். உம்மாவுக்கும் எனக்கும் இதுதான் பேச்சு.

அன்புவழிபுரம் யோகராசா அண்ணனை உம்மா முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தா. இருபது வருசத்துக்கு மேலாக வயரிங் செய்கிறவர். ஆனால் மருமகன் வாய் திறந்துவிட்டாரே. எங்கள் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். இந்த வீடும் ராத்தாவின் பேரில்தான். மாப்பிள்ளை வந்து சேர்ந்தவர். வந்து சேர்ந்த மாப்பிள்ளைக்கு மாமியார் "ஏலாது" என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லை. உம்மா யோகராசா அண்ணனுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்று யாரோ மௌத்தாகிப்போன செய்தியைச் சொல்லும் குரலில் சொன்னா.

ஞாயிறு பின்னேரம் மச்சான் ஒத்திகையாக ஒரு சுவிச்சில் கை வைத்தார். துறைமுகக் காற்றுக்கு எங்கள் வீட்டில் எல்லா ஸ்க்ரூவும் துருப்பிடித்திருக்கும். இரண்டை உடைத்தார். உள்ளே திறந்து பார்த்தால் எல்லா வயரும் சிவப்பு. வீடு கட்டும்போது வாப்பா ஒரே நிறத்தில் வாங்கிவிட்டார். மச்சான் அதை ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது என்று தலையாட்டினார். இரண்டு மணித்தியாலம் கழித்து வியர்வையோடு வெளியே வந்து, போட்டுப் பார்க்கச் சொன்னார்.

குளியலறை லைட்டைப் போட்டேன். லைட் எரிந்தது. குசினியில் கிரைண்டரும் ஓடியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் குளியலறைக்குப் போனாலும் கிரைண்டர் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் அறிவித்தது. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்பதையும் சேர்த்து. இது மொக்கு வேலை என்று நான் முகத்துக்கு நேரே சொன்னேன். உம்மா என் தொடையில் கிள்ளிவிட்டு, மச்சானிடம், "பரவாயில்லை மகன், வெளிச்சம் நல்லா வருகுது" என்றா. மச்சானுக்கு அதுவே போதும். அடுத்ததாக ஃப்ரீசர் பக்கம் போனார்.

திங்கட்கிழமை நான் ஃப்ரீசர் கதவைத் தொட்டபோது கை 'சுர்' என்று இழுத்தது. நான் எகிறிப் பின்னால் இருந்த மாச் சட்டியில் குந்திவிட்டேன். ஈரக் கையால் தொட்டதுதான் காரணம் என்றார் மச்சான். ராத்தா எழும்பி வந்தா. ஃப்ரீசரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மச்சானை மேலும் கீழும் பார்த்தா. ராத்தா சத்தம் போட்டால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் யாருக்கோ ஏதோ நடக்கப்போகிறது.

புதன்கிழமை தேத்தண்ணி நேரத்தில் அது நடந்தது. ராத்தா மச்சானுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டா. நல்ல பிள்ளை மாதிரிக் கதை கேட்டா.

"உங்கட வேலைத்தளத்தில மெசின் திருத்தேக்க என்ன செய்வாங்க?"

மச்சானுக்கு இந்தக் கேள்வி என்றால் உயிர். "மெயினை நிப்பாட்டிப் பூட்டுப் போடுவம். பூட்டினவன்ட பேரை எழுதித் தொங்கவிடுவம். அவனைத் தவிர வேற ஒருத்தரும் திறக்க ஏலாது. அதுதான் சட்டம்."

"எங்கட மெயினில பூட்டுப் போட ஓட்டை இல்லையே."

"அப்ப ஒரு ஆள் காவல் இருக்கோணும்."

"ஆர் இருந்தாலும் சரியா?"

"சேச்சே. பொறுப்பான ஆளா இருக்கோணும். வேலை முடியும் மட்டும் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

ராத்தா தேத்தண்ணியை மெதுவாக ஆற்றினா. "இந்த வீட்டில பொறுப்பான ஆள் ஆர்?"

மச்சான் உம்மாவைப் பார்த்தார். உம்மா தலையைக் குனிந்துகொண்டா. என்னைப் பார்த்தார். நான் ஒரு கையால் போனையும் மறு கையால் பிஸ்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவரால் கன நேரம் தாங்க ஏலவில்லை.

"நான்தான்," என்றார். சொல்லும்போதே நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னுக்கு வந்தது.

மிச்சத்தை ராத்தா இலேசாகச் சொல்லி முடித்தா. நாளைக்கு வியாழன். வயரிங் தொடங்குவதற்கு முதல் பொம்பிளைகள் நாங்கள் ஃப்ரீசரையும் ஃப்ரிஜ்ஜையும் இழுத்து, சுவரைக் கழுவ வேண்டும். ஈரச் சுவர். மெயின் நிற்க வேண்டும். சுவர் காய்ந்ததும் மச்சான் வந்து தன் வேலையைத் தொடங்கலாம். மச்சானுக்கு இது சரியான ஒழுங்காகப் பட்டது. அப்போதே அட்டை வெட்டி, "றிகாஸ். தொடாதே" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். எங்கள் வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் வாப்பா. அவர் கப்பலில் இருந்தார்.

மச்சான் கயிறு தேடிப் போனதும் ராத்தா என்னை இழுத்து, காலை எட்டரை மணிக்குப் பின்பக்கக் கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னா. யோகராசா அண்ணன் வருவார், போன் எடுத்துச் சொல்லியாயிற்று. இது ஏமாற்று வேலையல்லவா என்று கேட்டேன்.

"உன்ட மச்சானுக்குப் பேரும் வேணும், உசிரும் வேணும்," என்றா ராத்தா. "பேரை அவர் எழுதித் தொங்கவிடுறார். உசிரை நான் பாக்கிறன்."

வியாழன் காலை மச்சான் றப்பர் செருப்பு போட்டு, மெயினை நிறுத்தி, அட்டையைத் தொங்கவிட்டு, முன் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். யோகராசா அண்ணன் பின் கேட்டால் பூனை மாதிரி வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் நுழைந்தார். நடுவில் ஒரு கூடமும் இரண்டு திரைச்சீலையும் இருந்தன.

பத்து நிமிசத்தில் ராத்தா விறாந்தைக்குத் தேங்காய் திருவும் திருவலையோடு போனா. கரண்ட் இல்லை, கிரைண்டர் ஓடாது, வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வேண்டும், இவர் சும்மாதானே இருக்கிறார். காவல் இருக்கிறவர் வேறு வேலை செய்யக் கூடாது என்று மச்சான் சட்டம் கதைக்கத் தொடங்கினார். கரண்டை நிறுத்தியது யார் என்று ராத்தா கேட்டா. நிறுத்தினவர்தான் கரண்ட் செய்கிற வேலையையும் செய்ய வேண்டும். மச்சான் கதிரையை விட்டு இறங்கித் திருவலையில் குந்தினார். நாற்பது தேங்காய்.

சத்தம்தான் பிரச்சினை. யோகராசா அண்ணன் சுவரில் ஆணி அடிக்கத் தொடங்கியதும் உம்மா ஓடிப்போய் உலக்கையைத் தூக்கினா. அவர் ஒரு தட்டுத் தட்டினால் உம்மா உரலில் மூன்று இடி. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் தாளம் பிடித்துவிட்டது. மச்சான் முன்னால் இருந்து, என்ன இடிக்கிறீர்கள் மாமி என்று கேட்டார். உம்மா பொய் சொல்ல மாட்டா. உரலுக்குள் ஒன்றுமே இல்லை.

"உரலைத்தான் இடிக்கிறன், மகன்."

"பாத்து மாமி, கையை இடிச்சிராதீங்க," என்று மச்சான் பாசமாகச் சொன்னார்.

பத்தரை மணிக்கு என் போன் நாலு சதவீதத்தில் நின்றது. நான் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. நேரே விறாந்தைக்குப் போய், அட்டையைத் தள்ளிவிட்டு மெயினில் கை வைத்தேன். மச்சான் திருவலையில் இருந்து புலி மாதிரிப் பாய்ந்து என் கையைப் பிடித்தார். முகம் முழுக்கத் தேங்காய்ப்பூ. மூன்று மொழியில் எழுதியும் வாசிக்கத் தெரியாதா என்று ஏசினார். உள்ளே யோகராசா அண்ணனின் இரண்டு கையும் வயருக்குள் இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கையை உடனே பின்னால் கட்டிக்கொண்டேன். அன்று நான் மச்சானிடம் ஒரு வாய்க்காட்டலும் செய்யவில்லை. உள்ளே போகத் திரும்பியபோது முன் வாசலில் இரண்டு மான்கள், எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிறவை, நின்று தேங்காய்ச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆள் அசைந்தால் போய்விடுகிற மான்கள். மச்சான் திரும்பவும் அசையாமல் இருந்துவிட்டார்.

ஒரு மணிக்கு நாற்பதாவது தேங்காய் முடிந்தது. சுவர் காய்ந்திருக்கும் என்று மச்சான் எழும்பி, டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இரண்டு திரைச்சீலையையும் விலக்கிக் குசினிக்குள் வந்தார்.

சுவரில் வரிசையாக ஆறு புதுப் பொயிண்ட். மூலையில் புது ட்ரிப் சுவிச். ஃப்ரீசருக்குத் தனி லைன். கீழே யோகராசா அண்ணன் குந்தியிருந்து பால் போடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். உம்மா வெறும் உரலை இன்னும் இரண்டு தரம் இடித்துவிட்டு நிறுத்தினா.

மச்சான் பொயிண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ராத்தாவைப் பார்த்தார்.

"சுவர் காஞ்சிட்டுது," என்றா ராத்தா. "போய் மெயினைப் போடுங்க. உங்கட பேர் போட்ட மெயின், வேற ஒருத்தரும் தொட ஏலாது."

சட்டம் அவருடையது. என்ன செய்வார்? போய்ப் போட்டார். ஃப்ரீசர் உறுமியது. குளியலறை லைட்டைப் போட்டேன். கிரைண்டர் வாயைத் திறக்கவில்லை. ஃப்ரீசர் கதவை முதலில் உம்மாவும் பிறகு நானும் தொட்டோம். ஒன்றும் சுரீர் என்று இழுக்கவில்லை. உம்மா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தாவா அழுதாவா என்று தெரியவில்லை. முந்நூறு கப்பும் பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

மச்சான் மட்டும் குசினி வாசலில் தேங்காய்ப்பூவோடு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. அப்போது யோகராசா அண்ணன் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்தார். இத்தனை வருசத்தில் மெயினை நிறுத்திவிட்டு வேலை செய்கிற வீட்டில் யாராவது ஒருவர் வந்து போட்டுவிடுவார்களாம், இரண்டு தரம் கரண்ட் அவரைத் தூக்கி எறிந்திருக்கிறதாம், இன்றுதான் பயமில்லாமல் வேலை செய்தாராம். இதைச் சும்மா சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. மச்சானின் நெஞ்சு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் என்றால் எப்படி என்று தொடங்கிக் கால் மணித்தியாலம் சொன்னார். யோகராசா அண்ணன் மரியாதையாகக் கேட்டார்.

கேட்டு முடித்து, சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, திங்கக்கிழமை லிங்கநகரில ஒரு வீடு இருக்கு. மெயினுக்குப் பக்கத்தில இருக்கிறதுக்கு இவரை ஒரு நாளைக்கு விடுவீங்களோ?"

"திங்கள் ஏலாது அண்ணன்," என்றா ராத்தா. "உம்மாக்கு இன்னொரு ஓடர், நாப்பது தேங்காய் இருக்கு. செவ்வாய்க்கிழமை கூட்டிட்டுப் போங்க."