நான் சால்டரிங் சொல்லிக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

தெரியாத விஷயத்தை விளக்கும்போதுதான் என் குரல் கம்பீரமாக இருக்கும். தெரிந்ததைச் சொல்லும்போது திக்கும். இந்தக் குறையோடு வாத்தியார் வேலைக்குப் போனவன் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பி.இ. பட்டத்தோடு ஓசூருக்கு வந்து, ஏழு மாதம் அலைந்து, கடைசியில் மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுத்துக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பெண்கள் இருபது பேர். முதல் நாளே ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங், ஏ.சி. மின்சாரம், சிக்னல் ஜெனரேட்டர் மூன்றையும் அறிமுகப்படுத்த வேண்டும். நிலையத்தின் முதல்வர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை. (வேலை உறுதி என்று வீட்டுக்கு முந்தின நாளே போன் பண்ணிவிட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.)

"இதுக்குப் பேரு சால்டரிங் அயர்ன். சூடா இருக்கும். யாரும் பயப்படக் கூடாது" என்று ஆரம்பித்தேன். யாரும் பயப்படவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாடம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஈயக் கம்பியை அயர்ன் நுனியில் உருக்கி சர்க்யூட் போர்டின் மேல் சொட்டவிட்டேன். கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை விழுந்தது. முன்வரிசையில் இருந்த மஞ்சுளா என்ற பெண், முதலில் போர்டைத்தானே சூடு பண்ணணும் என்று மெதுவாகக் கேட்டார். சந்தேகமெல்லாம் கடைசியில் என்று கையை வீசிச் சொன்னேன். வீசிய கை பட்டு அயர்ன் மேஜையிலிருந்து உருண்டது. பாய்ந்து பிடித்தேன். அயர்னில் பிடிக்க ஒரு இடம், பிடிக்கக் கூடாத இடம் ஒன்று. நான் பிடித்தது இரண்டாவதை.

சத்தமே போடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

மஞ்சுளாதான் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கையைத் தண்ணீரில் பிடிக்க வைத்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நாங்க இருபது பேருமே சால்டரிங் லைன்தான் சார். ஆறு வருசமா."

தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அப்புறம் எதற்கு இங்கே வந்தீர்கள் என்றேன்.

"டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் போகணும் சார். அங்க போக அலை போட்டுப் பாக்கத் தெரியணும்ங்கறாங்க. நாள் பூரா புகையில கண்ணு எரியுது. அதை மட்டும் சொல்லிக்குடுங்க."

அது எனக்கு நிஜமாகவே தெரியும். ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். ஏ.சி. என்பது போய்ப் போய்த் திரும்பி வரும் மின்சாரம், அதை நமக்கு வேண்டிய வேகத்தில் உண்டாக்குவது சிக்னல் ஜெனரேட்டர், அந்த அலையைத் திரையில் காட்டுவது ஆசிலாஸ்கோப் என்று திக்கித் திக்கி விளக்கி, ஸ்விட்சைப் போட்டேன்.

திரையில் நேர்கோடு.

எல்லாக் குமிழையும் திருகினேன். ஜெனரேட்டர் ரிப்பேர் என்று அறிவித்து இன்னொன்றை வைத்தேன். அதிலும் நேர்கோடு. ஓசூரில் வோல்டேஜே சரியில்லை என்று ஊர்மேல் பழி போட்டேன். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மஞ்சுளா எழுந்து வந்து, இரண்டு கருவியையும் இணைத்த கேபிளை எடுத்து, கிளிப்பை லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"ட்ரை சால்டர் சார். ஒட்டுன மாதிரி தெரியும், உள்ள பிடிச்சிருக்காது."

இரண்டு மூச்சு விடும் நேரத்தில் அதைச் சரியாகப் பற்றவைத்தார். திரையில் அலை ஓடியது. இருபது பேரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் என்னை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் காலையில் அதுதான் எனக்கு நிம்மதியான நேரம்.

"இந்த கேபிளை யார் செஞ்சது?" என்றார் முதல்வர்.

"நான்தான் சார். நேத்து சாயங்காலம்."

அவர் சிரிக்கவில்லை. அலைப் பாடம் என்னிடமே இருக்கட்டும், சால்டரிங்கை மஞ்சுளா எடுக்கட்டும், அந்த வகுப்பில் நானும் உட்கார வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் இருபத்தோராவது பெயர் என்னுடையது. மஞ்சுளா கறாரான டீச்சர். நான் பற்றவைத்ததையெல்லாம் இழுத்துப் பார்ப்பார். பாதி கையோடு வரும்.

அந்த வருடம் முடிவதற்குள் அவரும் இன்னும் நாலு பேரும் டெஸ்டிங்குக்கு மாறிவிட்டார்கள். எனக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது, பயிற்றுநர் என்ற இடத்தில் மஞ்சுளாவின் கையெழுத்தோடு.

பி.இ. பட்டம் பீரோவுக்குள் ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கிறது. அந்தச் சான்றிதழை மட்டும் என் மனைவி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்குள் என் மகள் அதன் கடைசி வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிடுவாள்: 'மூன்றாவது முயற்சியில் தேர்ச்சி.'