மீலும் மீல்ஸும்

அரைகுறையாகப் படித்தவளைப் போல ஆபத்தானவள் யாரும் இல்லை. ஒன்றுமே படிக்காதவள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வாள். நான் மூன்றாம் வகுப்பு (அதுவும் பாதி). எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். அதனால் யாரையும் கேட்க மாட்டேன்.

மகள்வயிற்றுப் பேத்தி செல்விக்குக் கல்யாணப் பட்டெடுக்க இரண்டு வீட்டாரும் சேலம் போயிருந்தோம். நாங்கள் கொல்லிமலை, வாழவந்தி நாடு. மாப்பிள்ளை வீடு கீழே சேந்தமங்கலம். பட்டு அவர்கள் செலவு, மத்தியானச் சாப்பாடு எங்கள் செலவு. மலையிலிருந்து பெண் எடுப்பதில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழு மனசில்லை. "மலைக்காரங்க சோறு நமக்கு ஒத்துக்குமோ என்னமோ" என்று பஸ்ஸிலேயே தன் தம்பியிடம் சொன்னார், என் காதில் விழும்படியாக. அன்றைக்குச் சோறு போடுவதில்தான் எங்கள் மானமே இருந்தது.

செல்வியும் மகளும் ரவிக்கைத் துணியில் மூழ்கிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேருக்கும் பசி. நான் தலைமை தாங்கி நடந்தேன். கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டுக் கடை ஒன்று, உள்ளே ஏசி, வாசலில் பெரிதாக 'மீல் 99 மட்டும்'. 'ஸ்' எழுத இடம் பற்றவில்லை போலிருக்கிறது என்று நானே சேர்த்துக்கொண்டேன். எதிர் மெஸ்ஸில் சாப்பாடு நூற்றிமுப்பது, அதுவும் ஃபேன் காற்றில்.

கவுண்டரில் ஒரு பெண் நின்றாள்.

"எட்டு மீல்ஸ் கண்ணு."

"பெருசாக்கட்டுங்களா பாட்டி? ஒன்னுக்கு முப்பது ரூபா சேத்துனாப் போதும்."

மறுசோற்றைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். "எல்லாத்தையும் பெருசாக்கு சாமி. சம்பந்தி ஊட்டுக்காரங்க."

பில்லில் வரி தனியாக ஏறியிருந்தது. 'மட்டும்' என்று எழுதினவன் எங்கே போனானோ.

தட்டு வந்தது. ஆளுக்கு ஒரு பன், நடுவில் வடை மாதிரி ஒன்று. காகிதக் கூட்டில் விரல் விரலாக உருளைக்கிழங்கு. (எங்கள் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, வியாபாரி மூட்டைக்குக் கொடுப்பதை இங்கே பிடிக்கு வாங்குகிறார்கள்.) பெரிய டம்ளரில் பாதி ஐஸ், மீதி கலர்.

மாப்பிள்ளையின் அம்மா பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, சாதம் எப்ப வரும்?"

"மொதல்ல பலகாரம் வெப்பாங்க. அப்பறந்தானுங்க எலை" என்றேன், தினமும் அங்கேயே சாப்பிடுகிறவளைப் போல.

அவர் தம்பி அதை நம்பி, பன்னைத் தொடாமல் வயிற்றில் இடம் விட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் கழுவினார்கள். ஈரம் காய்ந்தது. யாரும் வாளியோடு வரவில்லை. மறுபடியும் கவுண்டருக்குப் போனேன்.

"சாதம் எடுத்தாறச் சொல்லு கண்ணு. எல்லாரும் கை கழுவிட்டு உக்காந்திருக்காங்க."

"சாதம் இல்லீங்க பாட்டி. மீல்னா இவ்வளவுதானுங்க."

"அப்ப பெருசாக்குனது?"

"கெழங்கும் கலருமுங்க."

திரும்பினால் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா. எல்லாம் கேட்டிருந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "எந்திரிங்க, நம்ம காசுல சாப்புட்டுக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லி, எல்லாரையும் எதிர் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். செல்வியும் மகளும் வந்தபோது எட்டுத் தட்டுக்கு முன்னால் நான் ஒருத்திதான். எதிரே அவர்கள் இலையில் ரசம் ஊற்றிக்கொள்வது கண்ணாடி வழியே நன்றாகவே தெரிந்தது.

கல்யாணம் நிற்கவில்லை. பட்டு எடுத்தாகிவிட்டதே.

போன மாதம் செல்வி வீட்டுக்குப் போனேன். "வாங்கம்மா. சாதமே ஆக்கியிருக்குது, தைரியமா உக்காருங்க" என்றார் அவள் மாமியார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கதைக்கு நானே சிரிக்காவிட்டால் எப்படி?

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சோறு போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

"போதும் சாமி, இதை ஊரே திங்கலாம்."

குனிந்து குழம்பு ஊற்றியபடி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "தின்னுங்க அம்மாயி. இந்த ஊட்ல நான் கொஞ்சம் அளவாப் போட்டாலும், 'மலைக்காரி மீல் போடறா'ங்கறாங்க."

அத்தனையையும் தின்றேன்.