இறகு முளைத்த போன்

இந்த வீட்டில் இனி ஒரே சிஸ்டம்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாய்வு நாற்காலியில் படுத்தபடியே நம்மாள் முடிவு கட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலாவது கொஞ்சம் யோசித்திருப்பார்.

போனுக்கு சிஸ்டம் தயாரிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. சிஸ்டத்தின் பெயர் 'இறகு'. ஓட்டை போனில் போட்டாலும் பறக்கும் என்பார்கள். எதிர்க் கம்பெனியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. யார் சரக்கு லேசு என்று இரண்டுக்கும் குடுமிப்பிடிச் சண்டை.

ஒரு காலத்தில் அவர் போனில் இருந்த இறகு அலாரம்கூட அடிக்காது. தினமும் லேட். ஆபீசில் வாங்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து "நீ ஏன் எழுப்பல?" என்று மனைவியிடம் கொட்டுவார். மூன்று மாதமாக எல்லாம் தலைகீழ். தொட்டால் திறக்கிறது, காலையில் கணீரென்று அடிக்கிறது. "புது இறகுன்னா இறகுதான்!" என்று அவர் ஆபீசில் புகழ்ந்த புகழில் மேனேஜரே கிறங்கிப்போனார்.

"திங்கட்கிழமை பெரிய முதலாளி வராரு. எதிர்க் கம்பெனியில இருந்து இறகுக்கு மாறின போன் ஒண்ணு கொண்டுவந்து காட்டுங்க. டீம் லீடர் நாற்காலி உங்களுக்குத்தான்."

அதற்கு ஒரு போன் வேண்டுமே! கண் மனைவியின் போன்மேல் விழுந்தது. அதில் இருந்தது எதிர்க் கம்பெனிச் சரக்கு.

"உன் போன்ல இறகு போடட்டுமாம்மா? மாறின போன் ஒண்ணு மேனேஜர் கேட்டாரு."

"கை வச்சுத்தான் பாருங்களேன்."

"சும்மா பறக்கும்!"

"அது எங்கயும் பறக்க வேணாம். வீட்டுல இருந்தா போதும்."

சொல்லிவிட்டு அவள் தூங்கப் போனாள்.

ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது. தரையில் வெயில் தண்ணீர்போல ஆடியது. அந்தச் சொக்கும் நேரத்தில் நம்மாள் பூனைபோல உள்ளே போய் தலையணை ஓரத்திலிருந்த போனை எடுத்தார். பாஸ்வேர்டு கல்யாண நாள். போட்டார். திறக்கவில்லை. அவர் போட்டது தங்கையின் கல்யாண நாள்.

சரி, விரல் இருக்கிறதே என்று அவளுடைய கட்டைவிரலை மெல்ல எடுத்து வைத்தார். போன் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் புரண்டு படுத்தாள். மற்றொரு கை அவர் மூக்குக்கு நேரே வந்து விழுந்தது. அதை வைத்ததும் போன் திறந்துகொண்டது. தெய்வமே நம் கட்சி என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இறகைப் போட்டார். சந்தேகம் வராமலிருக்க அதே படம், அதே பொத்தான்கள், அதே இடம். போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கனவில் உலகத்துப் போன்கள் எல்லாம் இறகு முளைத்து மேகத்துக்குள் நீந்தின. நடுவில் டீம் லீடர் நாற்காலி மிதந்தது. அதில் ஏறி உட்கார்ந்து ஊரையே பார்த்துக் கையாட்டினார்.

"என்னங்க."

கண் திறந்தார். எதிரே மனைவி. அவள் கையிலிருந்த போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"போன் ஏன் இப்படி மந்தமா இருக்கு?"

"வயசாயிடுச்சும்மா."

"உங்க போனும் இப்படித்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. என் தம்பி கடையில குடுத்து மாத்துறவரைக்கும்."

அவருக்குத் தூக்கம் ஒரேயடியாகக் கலைந்தது.

"மாத்தினியா? எதை?"

"இறகைப் புடுங்கிட்டு எதிர்க் கம்பெனியோடதைப் போடச் சொன்னேன். மேல அதே படம், அதே பொத்தான். தினம் லேட்டா போயி என்மேல பாஞ்சீங்களே, வேற என்ன பண்றது?"

"அப்போ மூணு மாசமா நான் ஆபீஸ்ல புகழ்ந்தது?"

"எதிர்க் கம்பெனியைத்தான்."

நம்மாள் கடைசி ஆயுதமாகக் கோபத்தை எடுத்தார்.

"தூங்குறவன் போன்ல கை வைக்கலாமா?"

"நீங்க வச்சது இடது கை விரல். அது திறக்காது. பாவமேன்னு நான்தான் வலது கையை நீட்டினேன்."

"முழிச்சா இருந்தே? ஏன் தடுக்கல?"

"எனக்கு உங்க போன்மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. படம் நல்லா எடுக்குது."

அவருடைய போனைத் தன் பையில் போட்டுக்கொண்டு, சுற்றுகிற போனை அவர் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு முதலாளிகிட்ட நான் எதைக் காட்டுவேன்?"

"மாறின போன்தானே மேனேஜர் கேட்டாரு? இதைக் காட்டுங்க."

அவர் அந்த போனில் அலாரம் வைக்கத் தொடங்கினார். வட்டம் சுற்றியது.

வாசற்படியில் அவள் திரும்பினாள்.

"அதோட மல்லுக்கட்டாதீங்க. காலையில நானே எழுப்புறேன்."