மஞ்சள் ஃபில்டர்

"எங்கல ஒளிஞ்சிருக்கான்?" என்று ஜமால் கேட்டு முடிப்பதற்குள் எதிரி அவரைச் சுட்டுவிட்டான்.

அவன் ஒளியவே இல்லை. எதிரேதான் நின்றான். ஆனால் போன் திரையில் புல், மரம், ஆள் எல்லாம் ஒரே மஞ்சள். நேற்றிலிருந்து அந்த ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டின்மேல் யாரோ சாம்பாரைக் கொட்டியது போல ஒரு ஃபில்டர். எடுக்க வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் அணியோடு ஃபைனல். தாராவி அணிக்கு ஜமால்தான் கேப்டன். தோற்றால் மானம் கப்பலேறிவிடும்.

"வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்க பாய்" என்றான் அஸாருதீன். ஜமாலின் தோல்பைப் பட்டறையில் தோல் வெட்டுகிறவன்.

கூட்டினார். கண்ணில் தண்ணீர் கொட்டியதுதான் மிச்சம்.

"அப்ப கேமை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க."

போட்டார். பழகிய பட்டன்கள் எல்லாம் இடம் மாறின. சுடுவதற்கு அழுத்தினால் ஆள் குதித்தான். மஞ்சள் மட்டும் அப்படியே இருந்தது.

"உன் போன்ல எப்படித் தெரியுது?"

அஸாருதீனின் போனில் புல் பச்சையாகவே இருந்தது. பிடுங்கித் தன் ஐடியைப் போட்டார். பச்சை மஞ்சளாயிற்று.

"பாத்தியால! போன்ல கோளாறு இல்ல. ஆளைக் குறிவச்சு அடிக்கான். தாராவிக்காரன்னா அம்புட்டு இளப்பமா?"

விக்ரோலி, சான்பாடா அணிகளின் கேப்டன்களுக்கும் மஞ்சள்தானாம். சதி உறுதியாகிவிட்டது. ஜமால் பட்டறை வாசலில் நின்று வீடியோ எடுத்தார்.

"நாள் பூரா ஓடா உழைச்சிட்டு பத்தே நிமிசம் ஆடுதவன் நான். அதுலயும் மஞ்சத்தண்ணி ஊத்துனா எப்படி? ஃபில்டரை எடுக்கியா, உன் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காரவா?"

வீடியோ தாராவி முழுக்கச் சுற்றியது. வீட்டில் ஆபிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய ஆர்டர் என்று மூன்று மாதமாகப் பட்டறையே கதியென்று கிடக்கிற புருஷன். அவள் தம்பி நிக்காஹுக்கே தலையைக் காட்டிவிட்டு ஓடியவர். தோல் தைத்து வீங்கிய அவர் கட்டைவிரல்களுக்குத் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறவள் அவள்தான்.

"விடாதீங்க! காரணமே இல்லாம, காலிபீலி ஒரு மனுசனைப் பாடாப் படுத்துதானுவ. உழைக்கிறவனுக்குப் பத்து நிமிசம் சந்தோசம் ஆகாதா?" என்றவள், வீடியோவுக்குப் பதில் வராத கோபத்தில் ஜமாலின் ஐடியோடு தன் நம்பரையும் எழுதி, கம்பெனிக்குத் தானே ஒரு புகார் அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் ஆபிதாவின் போன் அடித்தது. ஜமால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கம்பெனிலேர்ந்து நாகலக்ஷ்மி பேசறேன். நானும் மும்பைதான், செம்பூர். தமிழ்லயே பேசலாம்."

ஜமால் எச்சில் கையோடு எழுந்து நின்றார். "பேச்செல்லாம் வேண்டாம்மா. ஒரே கேள்வி. எங்களை மாதிரி உழைக்கிற ஆளுங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த ஃபில்டர்?"

"சபாஷ்!" என்றாள் ஆபிதா.

"உங்க ஐடியைப் பார்த்துட்டுதான் பேசறேன் சார். தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல விளையாடறவாளுக்குக் கண்ணு கெடக் கூடாதுன்னு நாங்களே போடறது சார் அது."