நெல் அறையில் ராக் ஆல்பம்

அன்புள்ள மைத்துனர் பஞ்சநதம் அவர்களுக்கு,

வலங்கைமானிலிருந்து வீரையன் எழுதுவது. இங்கே நாற்றங்காலைத் தவிர அனைவரும் நலம். போனில் சொன்னால் அதையும் பதிவு செய்து பாட்டில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் கடிதம்.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள் என்று என் மகள் தமிழ்நிலாவுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்தது யார்? நீங்கள்தான். இப்போது அவளும் கூட்டாளிகளும் சைக்கடெலிக் ராக் என்று ஒரு ஆல்பம் போடுகிறார்கள். கம்பியை ஒருமுறை தட்டினால் சத்தம் கும்பகோணம் வரை போய்விட்டு ஆற அமரத் திரும்பி வருகிறது. எதிரொலி மெஷினில் இருக்கலாமாம், அறையில் இருக்கக் கூடாதாம். அதனால் மூட்டை அடுக்கிய என் நெல் அறைதான் ஸ்டூடியோ. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். மும்முனை கரண்ட் காலையில் ஆறு மணி நேரம்தான். அவர்களுடைய ரெக்கார்டிங் பெட்டிகளுக்கும் அப்போதுதான் வோல்டேஜ் நிற்கிறதாம். மோட்டாரைப் போட்டால் ரெக்கார்டிங் கெடுகிறது, போடாவிட்டால் சம்பா நாற்று கருகுகிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வர இன்னும் ஐந்து நாள். "இன்னைக்கு ஒருநாள் மட்டும்ப்பா" என்று மூன்று நாளாகச் சொல்கிறாள். நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது.

இதற்கு நடுவில் பாடகன் ஜெக்கரியா, சென்னையில் வேலை கிடைத்தது என்று பாதி ஆல்பத்தில் கிளம்பிவிட்டான். தொல்லை விட்டது என்று பார்த்தால், பாடாமலே வாசிக்கிறார்கள்! நேத்து என்னால முடியல மச்சான். கதவைத் திறந்து, "நாத்து காயுது, இங்க என்ன கும்மாளம்? அவன் போயிட்டான், நாளைக்கு நீயும் போயிடுவ, நான் இந்த மூட்டைங்ககூடவா பேசிக்கிட்டுக் கிடக்கிறது?"ன்னு கத்திட்டேன். கடைசியில குரல் வேற உடைஞ்சு போச்சு. ஒருத்தரும் வாசிப்பை நிறுத்தல, ரெக்கார்டிங்கையும் நிறுத்தல. முடிஞ்சதும் அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "அப்பா, அதே மாதிரி இன்னொரு தடவை"ங்கிறா! எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு.

ஆகவே ஒரத்தநாட்டு மாடுகளுக்கு ஒருநாள் உங்கள் ஊசியிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டு, நேரில் வந்து இந்த ஆல்பத்தை நிறுத்த வேண்டும். வீட்டில் அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, சினைப்பசுவுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
வீரையன்

பி.கு.: உறையை ஒட்ட இரண்டு நாள் தள்ளிப்போனது, அதற்குள் ஒரு சேதி. தமிழ்நிலா தானே மோட்டாரைப் போட்டுவிட்டாள், நாற்று பிழைத்தது. என் திட்டுக்குப் பின்னால் மோட்டார் ஓடினால்தான் எடுப்பாக இருக்கிறதாம். ஆனால் அந்த ஜெக்கரியா வேலை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்து, என் குரலை எடுத்துவிட்டு அந்தத் திட்டைத் தானே பாடுவதாகச் சொல்கிறான். அவன் என்றைக்கு நாற்று விட்டான், அவனுக்கு எந்த மகள் போய்விடுவாள்? உடனே புறப்பட்டு வந்து, என் குரலில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்க.