பெரட்டுக்களத்து ‘நீ’

இன்றைக்கும் அந்த ஜப்பான்காரன் தன்னைப் பார்த்துத்தான் ‘நீ’ என்றான் என்பதில் அம்மாசிக்குச் சந்தேகமே இல்லை.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்துக்கு அவன் வந்து ஆறு நாள்தான் ஆகிறது. பண்டார் பாருவில் இருந்தவரை ரப்பர் மரம் சீவினோமா, கஞ்சி குடித்தோமா என்று இருந்தவன். இங்கே விடிந்ததும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்த கையோடு உடற்பயிற்சி. உடம்பு வணங்கினால் வேலை தானாக ஓடும் என்பது ஜப்பான்காரனின் எண்ணம். ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கத்துவான்.

“இச்சி! நீ! சான்! சீ!”

அதை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியம் தோட்டத்து வழக்குக்கு மாற்றுவார். “தண்ணி சேந்து! வாளியத் தூக்கு! குனிஞ்சு களை புடுங்கு! நிமிரு!”

“நாள் பூரா செய்யறதத்தானே இங்கயும் செய்யச் சொல்றான்? கையில வாளியக் குடுத்தா வேலையாச்சும் முடியும்லா” என்று முணுமுணுத்தார் முன்வரிசையில் நின்ற பழனியாண்டி.

மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் தப்புக்கொட்டு மாதிரி. கேட்டார்கள், கையை ஆட்டினார்கள். அம்மாசிக்கு மட்டும் அதில் இரண்டு சொல் தெளிவாக விழுந்தது. நீ! சீ!

மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள், சயாமில் ரயில் பாதை போடத் தோட்டங்களில் ஆள் பிடிக்கிற காலம் அது. போனவன் திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை. வீட்டிலோ மனைவி குணவதிக்கு நிறைமாசம்.

“ஊர்ப்பட்ட சனம் நிக்குது. உங்களையேவா பாத்தான்?” என்றாள் குணவதி.

“அவன் மூக்குக்கண்ணாடியில வெயில் அடிக்குது, கண்ணு எங்க பாக்குதுன்னு தெரியல. ஆனா ‘நீ’ன்னுதான் சொன்னான். தமிழ் படிச்சிருக்கான் புள்ள.”

“ஆபீஸ்ல கணக்கு எழுதற சின்னக் கிராணி மோரிஸ்தான் ஜப்பான் பாஷை படிக்கிறாராமே, அவர்கிட்ட கேளுங்களேன்.”

“கேட்டு, ‘ஆமாண்ணே, உங்களத்தான்’னு அவரு சொல்லிட்டா?”

குணவதியே ஒரு வழி சொன்னாள். “அப்ப பின்னாடி போய் நில்லுங்க.”

மறுநாள் கடைசி வரிசையில் நின்றான். அன்றைக்கென்று பார்த்து ஜப்பான்காரன் பெட்டியை விட்டு இறங்கிப் பின்பக்கம் வந்தான். அம்மாசியின் பிடரியிலேயே விழுந்தது, “நீ!”

அடுத்த நாள் நொண்டினான். நொண்டியைச் சயாமுக்குக் கூட்டிப்போய் என்ன செய்வான்? ஜப்பான்காரன் வந்து முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, அரை மலாயும் சைகையுமாக மணியத்திடம் ஏதோ சொன்னான்.

“கால் புடிச்சிக்கிச்சாம்டா. புழங்கினா சரியாப்போயிருமாம். ரெண்டு வாளி தண்ணியத் தூக்கிக்கிட்டு, தினம் களத்தப் பத்து சுத்து சுத்து” என்றார் மணியம்.

பத்து நாள் சுற்றினான். நொண்டுவது மறந்துபோனது. வெறும் மரவள்ளிக்கிழங்கிலேயே தோள் திரண்டுவிட்டது. குறை தெரிந்தால்தானே ‘சீ’ என்பான் என்று, அதன்பிறகு எல்லாரையும்விடச் சுத்தமாகக் குனிந்தான், நிமிர்ந்தான். மணியம் பூரித்துப்போய் அவனை இழுத்துவந்து முதல் வரிசையில், பழனியாண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

ஒரு காலையில் களத்தோரம் லாரி நின்றது. அன்றைக்குப் பயிற்சி இல்லை.

“முன்வரிசையில பதினோரு பேரு சயாமுக்கு” என்றார் மணியம், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜப்பான்காரன் வரிசையின் முனையிலிருந்து விரலை நீட்டிக்கொண்டு வந்தான். கூடவே சின்னக் கிராணி மோரிஸ்.

“இச்சி!”

முதல் ஆளாக நின்ற பழனியாண்டியின் முகம் செத்துப்போனது.

“நீ!”

இத்தனை நாள் ஒளிந்தது போதும் என்று ஆகிவிட்டது அம்மாசிக்கு. ஓரடி முன்னால் வந்து கும்பிட்டான். “ஆமாங்க, நான்தாங்க. வர்றேன். எம் பொஞ்சாதிக்குப் பேறுகாலம் முடியற மட்டும் பொறுங்க, சாமி.”

ஜப்பான்காரன் திகைத்துப்போய் மோரிஸைப் பார்த்தான். மோரிஸ் குனிந்து வணங்கி, திக்கித் திக்கி அவன் பாஷையில் ஏதோ சொன்னார். ஜப்பான்காரன் சிரித்தான். அம்மாசியின் தோளைத் தட்டி, ஓரமாகப் போய் நிற்கும்படி கையைக் காட்டினான்.

லாரி பத்துப் பேரோடு கிளம்பியது. பெண்கள் மண்ணை வாரித் தூற்றி அழுதார்கள். அம்மாசிக்கு உயிர் திரும்பி வந்தது. அது திரும்பி வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. லாரியிலிருந்து பழனியாண்டி பார்த்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

களம் காலியானதும் மோரிஸின் காலில் விழப்போனான். “எம் பொஞ்சாதி நெலமைய எடுத்துச் சொல்லிக் காப்பாத்திட்டீங்க, ஐயா!”

மோரிஸ் அவனைத் தூக்கி நிறுத்தினார். “அதுக்கெல்லாம் அவன் எரங்குவானாண்ணே? ‘நீ’ன்னா அவன் பாஷையில ரெண்டு. நீங்க ரெண்டாவதா நின்னுக்கிட்டு, ரெண்டுன்னதும் டக்குனு முன்னுக்கு வந்தீங்களே, ‘தோட்டத்து வேலையாளுங்கள்லயே ஜப்பான் பாஷை புரிஞ்ச ஆளு இவரு ஒருத்தருதான், பயிற்சிக்கு எண்ணிக்கை சொல்ல வெச்சுக்கலாம்’னு சொன்னேன்லா!”